புழுதியா, சேறா, நாற்றா? சம்பாவுக்கு முன் போட வேண்டிய கணக்கு

ஆடி பிறந்துவிட்டால் காவிரி டெல்டாவின் டீக்கடைகளில் ஒரே கேள்விதான்: மேட்டூரில் எத்தனை அடி? 120 அடி அணை. ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். அந்த 230 நாளை நம்பித்தான் குறுவை, சம்பா, தாளடி எல்லாமே. ஆனால் 2023-ல் சொன்ன தேதியில் திறந்துவிட்டு அக்டோபர் 10-லேயே மூடினார்கள். 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். திறந்த தண்ணீரும் கல்லணையைத் தாண்டி, வெண்ணாற்றில் பிரிந்து, திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு பக்கத்துக் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் தலைமடையில் நாற்று பச்சை கட்டிவிடுகிறது.

இந்த நிலையில் சம்பாவை எப்படித் தொடங்குவது? புழுதியில் விதைக்கலாம், சேற்றில் விதைக்கலாம், ஆள் வைத்து நடலாம், மிஷினில் நடலாம், ஒற்றை நாற்றாக நடலாம். ஒவ்வொன்றுக்கும் மூட்டைக் கணக்கு சொல்லிப் புகழ்பவர்கள் இருக்கிறார்கள். நான் மூட்டையிலிருந்து தொடங்கமாட்டேன். உங்கள் வயலுக்குத் தண்ணீர் எப்போது வரும், வந்த தண்ணீர் எந்த வழியாக வெளியேறும்? இந்த இரண்டுக்கும் பதில் கையில் இருந்தால் முறையைத் தேர்வது கடினமில்லை.

பம்புசெட் இல்லாத கடைமடைக்காரருக்கு என் பதில் தயங்காமல் புழுதி விதைப்புதான். கோடையிலும் ஆடியிலும் பெய்யும் மழையின் ஈரத்தில் இரண்டு மூன்று சால் உழுது, கட்டி உடைத்து, ஆவணி முதல் பாதிக்குள் விதையை மண்ணுக்குள் போட்டுவிட வேண்டும். விதை மழைக்காகக் காத்திருக்கும். வாய்க்காலைப் பார்த்து நிற்காது. நாற்றங்கால் இல்லை, சேற்றுழவு இல்லை, நடவுக்கூலி இல்லை. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது பயிர் வேரூன்றி, தூர் வெடித்து நிற்கும். புழுதி விதைப்பின் பெரிய லாபம் இதுதான். கூலி மிச்சம் இரண்டாவதுதான்.

ஏக்கருக்கு 30 கிலோ விதை வேண்டும். அதை அப்படியே வீசிவிடாதீர்கள். ஒரு சதவீதம் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய எடைக்கு உலர்த்தி விதைத்தால் முளைத்த பயிர் வறட்சியைத் தாங்கும். செலவு சொற்பம். இதைச் செய்யாமல் விதைத்துவிட்டு, முளைத்தபின் பத்து நாள் மழையில்லாமல் கருகுவதைப் பார்த்து நிற்பவர்களை ஆண்டுதோறும் காண்கிறேன். மனசு கேட்கவில்லை, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

புழுதி விதைப்பின் பகை களை. நடவு வயலில் நாற்று களையைவிட ஒரு மாதம் மூத்தது. தேங்கி நிற்கும் தண்ணீரும் களையை அமுக்கும். புழுதி வயலில் நெல்லும் புல்லும் ஒரே நாளில் முளைக்கின்றன. குதிரைவாலிப் புல்லை இளநாற்றிலிருந்து பிரித்தறிய அனுபவப்பட்ட கண் வேண்டும். முதல் மழை பெய்து மண் நனைந்ததும் களை முளைக்குமுன் அடிக்க வேண்டிய மருந்தை அடித்து, ஒரு மாதத்துக்குள் ஒரு கைக்களையும் எடுக்க முடியாதவர் இந்த முறைக்குப் போக வேண்டாம். நடவில் மிச்சமான கூலி அத்தனையும் களையெடுப்பில் போய்விடும்.

அடுத்தது பள்ளக்கால். மழை கொட்டினால் முழங்கால் அளவு தண்ணீர் மூன்று நாள் நிற்கும் வயல் உங்களுடையதானால், புழுதியில் பிந்தி விதைத்த இளம்பயிர் மூழ்கி அழுகும். அங்கே பழைய நடவு முறையே காப்பாற்றும். 25, 30 நாள் நாற்று உயரமாக நிற்கும், தலை தண்ணீருக்கு மேலே தெரியும். நாற்றங்காலை மேட்டில் போட்டு, தண்ணீரும் ஆளும் கூடி வரும் நாளில் பறித்து நடலாம். ஆள்தான் இப்போது சிக்கல். ஊர்ப் பெண்கள் குனிந்து நட்ட வயல்களில் இன்று மேற்கு வங்கத்திலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்தவர்கள் கயிறு கட்டி நடுகிறார்கள். வேகமாக நடுகிறார்கள், நன்றாகவும் நடுகிறார்கள். ஆனால் அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் ஒரே வாரத்தில் தண்ணீர் வருவதால் எல்லாருக்கும் அவர்கள் ஒரே வாரத்தில் வேண்டியிருக்கிறது. முன்கூட்டியே பேசி வைக்காதவரின் நாற்று நாற்றங்காலிலேயே முற்றிப்போகும். முற்றிய நாற்று சரியாகத் தூர் கட்டாது.

நேரடி விதைப்புக்காரர்களும் மேட்டில் ஒன்றிரண்டு சென்ட் நாற்று விட்டு வையுங்கள். மழையில் திட்டுத்திட்டாகப் பயிர் போன இடத்தில் குத்துவதற்கு அந்தக் கையளவு நாற்று உதவும். அப்போது பக்கத்து ஊரில் விலைக்குத் தேடினாலும் உங்கள் ரகம் கிடைக்காது.

மிஷின் நடவு பம்புசெட் உள்ளவருக்கு ஏற்றது. குறுவைக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை. பாய் நாற்றங்காலில் 14 முதல் 18 நாள் வளர்ந்த நாற்றை மிஷின் வரிசையாக நட்டுக்கொண்டு போகும். ஏக்கருக்கு 15, 20 கிலோ விதை போதும். ஆனால் அந்த 18-ஆம் நாளன்று வயல் சேறாகி, சமப்பட்டு, ஒன்றிரண்டு நாள் படிந்து தயாராக இருக்க வேண்டும். நாற்று நீண்டுவிட்டால் மிஷினின் விரலில் சிக்கி ஒடியும். வாய்க்காலில் முறை வைத்து விடும் தண்ணீரை நம்பி இப்படி நாள் குறிக்க முடியாது. கால் புதையும் அடிச்சேறு உள்ள வயலில் மிஷினும் புதையும். வாடகை பேசும்முன் வயலில் இறங்கி ஒருமுறை நடந்து பாருங்கள்.

திருந்திய நெல் சாகுபடி என்ற ஒற்றை நாற்று நடவு 1980-களில் மடகாஸ்கரில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் உருவாக்கியது. ஏக்கருக்கு மூன்று கிலோ விதை, 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 25 சென்டிமீட்டர் சதுர இடைவெளி, கோனோவீடர் உருட்டல், மண்ணில் மயிரிழை வெடிப்புக் கண்டபின் தண்ணீர். இதில் தூர் கட்டும் பயிரைப் பார்த்தவர் மறக்கமாட்டார். தண்ணீரும் மிச்சமாகிறது. இருந்தாலும் தண்ணீரை நினைத்த நேரத்தில் வைக்கவும் வடிக்கவும் முடிந்த வயலில்தான் இது பலிக்கும். அந்தச் சின்னஞ்சிறு நாற்றின்மேல் ஐப்பசி மழை ஒரு முழம் நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மேட்டுப்பாங்கான பம்புசெட் வயலில் குறுவைக்குச் செய்யுங்கள். கடைமடைச் சம்பாவுக்கு வேண்டாம்.

டிரம் சீடர் வைத்துச் சேற்றில் முளைவிதை விடுவது, வயலைப் பலகைபோல் சமன்படுத்தத் தெரிந்தவருக்கு நல்ல முறை. விதைத்த இரண்டு நாளில் கனமழை பெய்தால் விதை அடித்துக்கொண்டு ஓரத்தில் சேரும். புரட்டாசி பிறந்தபின் இதைத் தொடாதீர்கள்.

முறையைத் தேர்ந்தாயிற்று என்று ரகத்தை அவசரப்பட்டு வாங்கக்கூடாது. டெல்டாவில் பலர் கண்ணை மூடிக்கொண்டு சிஆர் 1009 கேட்பார்கள். 155 நாள் பயிர். ஆகஸ்ட் 20-ல் அது முளைத்தால் ஜனவரி 22-ல் அறுவடை. அணை மூடுவதற்குள் முடிந்துவிடும். செப்டம்பர் 15-ல் முளைத்தால் பிப்ரவரி 17 ஆகும். கடைசி இருபது நாள் வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. புழுதி விதைப்பில் நாளை எண்ணத் தொடங்குவது விதைத்த தேதியிலிருந்து அல்ல, நனைந்து முளைத்த தேதியிலிருந்து. இதைப் பலர் தவறவிடுகிறார்கள். ஆவணி பாதிக்குள் முளைக்குமா என்ற சந்தேகம் இருந்தால் 130 நாளில் வரும் டிகேஎம் 13 போன்ற மத்தியகால ரகத்துக்கு இறங்கிவிடுங்கள். நாள் பிந்தினால் அறுப்புக்கு முன் ஈரப்பதத்தில் தெளிக்கும் உளுந்தும் பிந்தும். தையில் விழ வேண்டிய உளுந்து மாசிக்குப் போனால் பூக்கும்போது வெயிலில் மாட்டிக்கொள்ளும்.

பள்ளக்காலுக்கு சிஆர் 1009 சப் 1 என்ற ரகம் இருக்கிறது. முழுதாக மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை தாங்கி, தண்ணீர் வடிந்ததும் மீண்டு வரும். அந்தத் தாங்கும் சக்தி இளம்பயிருக்குத்தான். கதிர் வெளிவந்தபின் மூழ்கினால் எந்த ரகமும் பிழைக்காது. நெல் ஜெயராமன் மீட்டுப் பரப்பிய மாப்பிள்ளைச் சம்பா போன்ற மரபு ரகங்களும் புழுதிக்கும் மழைக்கும் ஈடுகொடுப்பவை. உயரமானவை, யூரியா கண்டால் சாய்ந்துவிடும். வாங்குபவரை முதலில் பேசி வைத்துவிட்டு விதையுங்கள்.

எந்த முறையைத் தேர்ந்தாலும் விதை வாங்கக் கிளம்புமுன் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி, உங்கள் வயலின் வடிகால் ஆற்றில் விழும் இடம்வரை நடந்து போய்ப் பாருங்கள். ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக் கிடந்தால் அந்தப் பாசனத்தில் உள்ள பத்துப் பேரைச் சேர்த்து ஆவணிக்குள் வெட்டி எடுங்கள். ஐப்பசியில் தண்ணீர் நின்றபின் அந்த வேலையைச் செய்ய முடியாது.