மாட்டுக்குத் தொண்டை அடைப்பு: உணவுக்குழலின் அமைப்பை அறிந்தால் உயிரைக் காக்கலாம்

மாம்பழக் காலத்திலும், பனம்பழம் விழும் ஆடி, ஆவணி மாதங்களிலும் மாடுகளுக்குத் தொண்டை அடைப்பு ஏற்படக்கூடும். காலையில் நன்றாகக் கறந்த பசு, மாங்கொட்டை ஒன்று சிக்கியதால் மாலைக்குள் வயிறு உப்பி இறந்துபோவதும் உண்டு. பதற்றத்தில் எண்ணெய் ஊற்றுவதும், கம்பு விட்டுத் தள்ளுவதும் பல மாடுகளின் சாவுக்குக் காரணமாகின்றன. இவை ஏன் தவறு என்பதை உணவுக்குழலின் அமைப்பே சொல்லிவிடும்.

உணவுக்குழலின் அமைப்பு

வளர்ந்த பசுவின் உணவுக்குழல் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுள்ளது. தொண்டையில் மூச்சுக்குழலுக்கு மேலே தொடங்கி, கழுத்தின் நடுப்பகுதியில் இடது பக்கம் சாய்ந்து, மார்புக்குள் புகுந்து முதல் வயிற்றில் முடிகிறது. அதன் சுவர் நான்கு அடுக்குகளால் ஆனது.

முதலாவது உட்சவ்வு. முரட்டு வைக்கோலும் தட்டையும் உராய்வதைத் தாங்குவதற்காக இது தடித்து, மேற்பரப்பு கெட்டியாக இருக்கும். இரை இல்லாதபோது, நாடா இழுத்த பாவாடை போல நீளவாக்கில் மடிந்து கிடக்கும். கவளம் வரும்போது மடிப்புகள் விரிந்து வழி விடும்.

இரண்டாவது நார் அடுக்கு. குழலின் வலிமை பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. மாமல்லபுரம் கடற்கரையில் மீனவர்கள் வலையை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வலையை இழுத்தால் முதலில் கண்கள் நீண்டு கொடுக்கும். கண்கள் நேராகிவிட்ட பிறகு நூல்தான் பாரத்தைத் தாங்க வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும். இந்த நார்களும் அப்படியே. ஓரளவு வரை எளிதில் விரியும், பிறகு விறைத்துவிடும், மேலும் அழுத்தினால் கிழியும். குழல் குறுக்கே எளிதில் விரியும் என்றாலும், தாங்கும் வலிமை நீளவாக்கில்தான் அதிகம். மெதுவாக விரித்தால் இடம் கொடுக்கும் குழல், திடீரென்று அழுத்தினால் கொடுக்காது.

மூன்றாவது தசை அடுக்கு. மனிதனின் உணவுக்குழலில் கீழ்ப்பகுதித் தசை வேறு வகையைச் சேர்ந்தது. மாட்டுக்கோ தொண்டையிலிருந்து வயிறு வரை கைகால்களில் உள்ளது போன்ற வரித்தசையே. அசைபோடும்போது இரையை வயிற்றிலிருந்து வாய்க்கு விரைவாக மேலேற்றுவதற்கு இது ஏற்றது. ஆனால் கெட்டியான பொருள் சிக்கினால் இதே தசை அதை இறுகப் பற்றிக்கொள்கிறது.

நான்காவது வெளிப்புறத் தளர்ந்த திசு. குடலின் மேல் உள்ளது போன்ற வழவழப்பான உறை கழுத்துப் பகுதியில் இல்லை. ஆகையால் குழல் கிழிந்தால் காயம் எளிதில் மூடாது. கசியும் இரை சுற்றியுள்ள சதையில் சீழ் பிடிக்கச் செய்யும். ஆறினாலும், தழும்பு சுருங்கிக் குழல் குறுகிவிடக்கூடும்.

எவை சிக்கும்?

மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. அது நாக்கால் வளைத்து இழுத்து, அரைகுறையாக மென்று விழுங்கிவிட்டு, பிறகு அசைபோடும் பிராணி. ஆகவே கழுநீர்த் தொட்டியில் போட்ட மாங்கொட்டை, உருளைக்கிழங்கு, மரவள்ளிக் கிழங்கு, பீட்ரூட், கரும்புத் துண்டு, பனங்கொட்டை ஆகியவை முழுதாகவே உள்ளே போய்விடும். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் மேயும் மாடுகள் நுங்கு மட்டை, இளநீர் மட்டைத் துண்டு, பாலிதீன் பை ஆகியவற்றையும் தின்றுவிடுகின்றன.

சிக்கும் இடங்கள் பெரும்பாலும் மூன்று: தொண்டையை அடுத்த பகுதி, கழுத்து மார்புக்குள் புகும் இடம், இதயத்துக்கு மேலிருந்து வயிற்று வாய் வரை உள்ள பகுதி.

அறிகுறிகள்

திடீரென்று தீவனத்தை நிறுத்துதல், கழுத்தை நீட்டி இருமுதல், எச்சில் கயிறு போல ஒழுகுதல், குடித்த நீர் மூக்கு வழியே திரும்புதல் ஆகியவை முதல் அறிகுறிகள். பசுவுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேல் எச்சில் சுரக்கிறது. அதை விழுங்க வழியில்லாததால்தான் இவ்வளவு ஒழுக்கு. கழுத்தின் இடது பக்கப் பள்ளத்தில் புடைப்பு தெரிந்தால் அடைப்பு அங்கேதான்.

இவற்றைவிட ஆபத்தானது வயிற்று உப்புசம். நன்றாகத் தின்னும் பெரிய பசுவின் முதல் வயிற்றில் மணிக்கு 30 முதல் 50 லிட்டர் வரை வாயு உண்டாகிறது. ஏப்பமாக வெளியேற வேண்டிய அந்த வாயு, வழி முழுதும் அடைபட்டால் உள்ளேயே தங்கி நுரையீரலை நெருக்குகிறது. சில மணி நேரத்தில் மாடு மூச்சுத் திணறி இறக்கலாம். அடைப்பு அரைகுறையாக இருந்தால் உப்புசம் குறைவாக இருக்கும். ஆனாலும் நேரம் நீடித்தால் அழுந்திய இடத்தில் குழல் அழுகிவிடும்.

செய்யக் கூடாதவை

1. எண்ணெய், தண்ணீர், கஷாயம் எதையும் ஊற்றக் கூடாது. வழி அடைபட்டிருப்பதால் அது மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும்.

2. கம்பு, மூங்கில், ரப்பர் குழாய் விட்டுத் தள்ளக் கூடாது. இறுகிய தசைக்கும் விறைத்த நாருக்கும் இடையே தள்ளினால் கிழிவது குழல்தான்.

3. வெறுங்கையை வாய்க்குள் விடக் கூடாது. வெறிநாய்க்கடி நோய் கண்ட மாடும் இவ்வாறே விழுங்க முடியாமல் எச்சில் ஒழுக்கும். அந்த எச்சில் பட்டால் மனித உயிருக்கே ஆபத்து.

செய்ய வேண்டியவை

தீவனத்தையும் தண்ணீரையும் உடனே அகற்ற வேண்டும். மாட்டைப் படுக்க விடாமல், முன்கால்கள் மேடான இடத்தில் இருக்குமாறு நிறுத்துவது நல்லது. எச்சில் வெளியே வழியும்படி தலையைத் தாழ விட வேண்டும். தாமதிக்காமல் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 1962 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியையும் அழைக்கலாம். மாடு எதைத் தின்றது, எப்போது தின்றது என்பதைச் சொன்னால் சிகிச்சை எளிதாகும்.

உப்புசம் மிகுந்திருந்தால் மருத்துவர் இடது விலாவுக்குப் பின்னுள்ள பள்ளத்தில் துளையூசி செலுத்தி முதலில் வாயுவை வெளியேற்றுவார். பின்னர் தசையைத் தளர்த்தும் ஊசி போடுவார். பிடி தளர்ந்ததும் சில பொருள்கள் தாமாகவே இறங்கிவிடும். மேல்பகுதியில் உள்ளதை வெளியிலிருந்து மெல்ல வாய்ப்பக்கம் நகர்த்தி எடுப்பதும் உண்டு. எதற்கும் இணங்காவிட்டால் அறுவை சிகிச்சைதான்.

தடுப்பு முறைகள்

மாம்பழத் தோலைக் கொட்டை நீக்கிய பிறகே கொடுக்க வேண்டும். கழுநீரை ஒருமுறை துழாவிப் பார்த்துவிட்டு வைப்பது நலம். கிழங்குகளை மெல்லிய வில்லைகளாகச் சீவியோ நசுக்கியோ போட வேண்டும். மதுராந்தகம் பகுதியில் கரும்புத் தோகை கொடுப்போர், அதோடு வரும் கெட்டியான கரும்புத் துண்டுகளை நறுக்கியே போட வேண்டும். பனம்பழ நாட்களில் பனந்தோப்பில் மேய்ச்சலுக்கு விடுமுன், விழுந்த பழங்களைப் பொறுக்கிவிட வேண்டும். பசித்த மாடு அவசரமாக விழுங்கும். ஆகையால் முதலில் சிறிது வைக்கோல் கொடுத்துவிட்டுப் பிறகு கிழங்கு, காய்களைக் கொடுப்பது நல்லது.

செங்கல்பட்டு மாவட்ட விவசாயிகள் தீவனம் நறுக்கிக் கொடுக்கும் முறைகள் பற்றிக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை பெறலாம்.