கால்சட்டைப் பையில் ஒரு கையேடு

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு எட்டாம் வகுப்பு மாணவர்கள் 46 பேரைத் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் களப்பயணம் அழைத்துச் சென்றேன். உடன் ஓர் ஆசிரியையும் வந்திருந்தார். நந்தி மண்டபத்துக்கு அருகில் பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டு, "இங்கேயே இருங்க, சாப்பாட்டுக்கு ஏற்பாடு பண்ணிட்டு வந்துடறேன்" என்று சொல்லிக் கிளம்பினேன். சாப்பாடு வரத் தாமதமாகி, நான் திரும்ப முக்கால் மணி நேரம் ஆனது. வந்து எண்ணிப் பார்த்தால் 42 பேர்தான் இருந்தார்கள்.

அன்று கூட்டம் அதிகம். அந்த ஆசிரியை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் எனத் தேடினோம். அரை மணி நேரம் கழித்து, அகழியைத் தாண்டிச் சாலையோரத்தில் நான்கு பேரும் நின்றிருந்ததைப் பார்த்தேன். பேருந்துகள் அவர்களை உரசுவதுபோல் போய்க்கொண்டிருந்தன. திட்டுவதற்கு வாயெடுத்தேன். அதற்குள் ஒரு பையன், "உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு தேடி வந்தோம் சார்" என்று அழ ஆரம்பித்துவிட்டான். அதற்குமேல் திட்ட முடியவில்லை.

மறுநாள் ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது எங்கள் உடற்கல்வி ஆசிரியர் கேட்டுக்கொண்டிருந்தார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று இந்தப் பணிக்கு வந்தவர். "கோவிச்சுக்காதீங்க சார். கிளம்பறப்ப புள்ளைங்ககிட்ட அஞ்சு விஷயம் சொன்னீங்களா?" என்றார். எங்கே போகிறேன், யாரைக் கூட்டிக்கொண்டு போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன், அந்த நேரத்துக்குள் வரவில்லையென்றால் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும், நான் இல்லாதபோது ஆபத்து வந்தால் அவர்கள் என்ன செய்வார்கள், நான் என்ன செய்வேன். நான் சொன்னது முதல் விஷயம் மட்டும்தான், அதுவும் பாதி.

அடுத்த நாள் அவர் ஒரு சிறு புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். பணியில் இருந்தபோது நடந்த கூட்டுப் பயிற்சி ஒன்றில், அமெரிக்க வீரர் ஒருவர் நினைவாகத் தந்ததாம். வியர்வையும் மண்ணும் பட்டு ஓரங்கள் கறுத்திருந்தன. அந்த ஐந்து விஷயங்களும் அதில் இருந்தன.

ரேஞ்சர் கையேடு

ரேஞ்சர் என்றதும் நமக்கு வனச்சரக அலுவலர்தான் நினைவுக்கு வருவார். இந்த ரேஞ்சர்கள் அமெரிக்கத் தரைப்படையின் தேர்ந்தெடுத்த காலாட்படை வீரர்கள். ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்ட் பென்னிங் முகாமில் 1950 முதல் இவர்களுக்கான பயிற்சி நடக்கிறது. சமவெளிக் காடு, மலை, புளோரிடாவின் சதுப்பு நிலம் என மூன்று கட்டங்களாக இரண்டு மாதம் ஓடும். தூக்கமும் உணவும் வேண்டுமென்றே குறைக்கப்படும். துப்பாக்கி சுடுவதைவிட, களைத்துப்போன ஒரு சிறு குழுவை வழிநடத்துவதுதான் அங்கே முக்கியப் பாடம். மாணவர்கள் முறைவைத்துத் தலைவர்களாகிறார்கள். ஆசிரியர் போடும் மதிப்பெண்ணோடு சக மாணவர்களின் மதிப்பீடும் சேர்கிறது. பெண்கள் இப்பயிற்சியை முதன்முதலில் முடித்தது 2015 ஆகஸ்டில். அன்று தேறியவர்கள் இருவர்.

இந்தப் பயிற்சிக்கான புத்தகம்தான் ரேஞ்சர் கையேடு. முந்நூறு பக்கங்களுக்கு மேல் இருந்தாலும், சீருடைக் கால்சட்டையின் பக்கப் பைக்குள் அடங்கிவிடும். ரோந்து, பதுங்கித் தாக்குதல், கயிற்று முடிச்சு, முதலுதவி, ஆற்றைக் கடத்தல் என எல்லாம் உண்டு. விளக்கம் மிகக் குறைவு. இரண்டு நாள் தூங்காத ஒருவர், சிவப்புக் கண்ணாடி போட்ட கைவிளக்கில், மழையில் திறந்து பார்க்கப்போகும் புத்தகம் என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். அந்த நிலையில் அவருக்குத் தேவை, அடுத்து என்ன என்பது மட்டும்தான். காரணங்களை முன்பே வகுப்பில் கற்றிருப்பார். நம் மேசைகளில் அடுக்கியிருக்கும் சில கையேடுகளைப் பார்க்கும்போது, எந்த நேரத்தில், எந்த நிலையில் இருக்கும் ஆசிரியர் இதைத் திறப்பார் என்று எழுதியவர்கள் யோசித்திருப்பார்களா எனத் தோன்றுகிறது. கருத்தாளராக நானே எழுதிய ஒரு பயிற்சிக் கட்டகத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

போர்ப் பயிற்சிப் புத்தகத்துக்குப் பள்ளியில் என்ன வேலை என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. ஆனால் நம் பள்ளிகளில் உள்ள சாரணர் இயக்கமே இப்படி ஒரு புத்தகத்திலிருந்து வந்ததுதான். பேடன் பவல் இந்தியாவில் தன் குதிரைப்படை வீரர்களுக்கு உளவறிதல் பற்றி நடத்திய பாடங்கள் 1899இல் ஒரு சிறு கையேடாக வந்தன. வீரர்களுக்காக எழுதியதை இங்கிலாந்தில் ஆசிரியர்களும் வாங்கினார்கள். சார்லட் மேசன் என்ற கல்வியாளர் தம் ஆசிரியப் பயிற்சி நிறுவனத்தில் அதைப் பாடமாகவே வைத்தார். சுற்றுப்புறத்தை உற்று நோக்கவும், கண்டதிலிருந்து ஊகிக்கவும் கற்றுக்கொடுக்க அது உதவும் என்பது அவர் எண்ணம். இதைக் கண்ட பேடன் பவல், 1907இல் பிரவுன்சீ தீவில் சிறுவர்களைக் கொண்டு முகாம் நடத்திப் பார்த்து, 1908இல் சிறுவர்களுக்கென்று தனியாக ஒரு புத்தகம் எழுதினார். போர் போய்விட்டது. சிறு குழு, குழுத் தலைவர், உற்றுநோக்கல் ஆகியவை தங்கிவிட்டன.

மூன்றில் ஒரு பங்கு

ரேஞ்சர் கையேட்டில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது நேரக் கணக்கு. ஒரு பணி கிடைத்ததும், கையில் இருக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் தலைவர் தன் திட்டமிடலுக்கும் கட்டளைக்கும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மீதி இரண்டு பங்கு கீழே இருப்பவர்களுடையது. அவர்கள் தங்கள் பகுதியைத் திட்டமிட வேண்டும், கருவிகளைச் சரிபார்க்க வேண்டும், ஒத்திகை பார்க்க வேண்டும். தலைவரின் திட்டம் எவ்வளவு அருமையாக இருந்தாலும், ஒத்திகைக்கு நேரம் இல்லாமல் போனால் அது இருட்டில் குலைந்துவிடும்.

45 நிமிடப் பாடவேளைக்கு இதைப் பொருத்தினால் எனக்கு 15 நிமிடம், பிள்ளைகளுக்கு 30. நான் கிட்டத்தட்ட அப்படித்தான் நடத்துகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் கடிகாரத்தைக் கொடுத்து, நான் பேசும் நேரத்தை மட்டும் குறிக்கச் சொன்னேன். பாடம் முடிந்ததும் தாளை நீட்டினாள். 36 நிமிடம். அதில் குழுச் செயல்பாட்டை விளக்கியதே 11 நிமிடம். செயல்பாட்டைச் செய்ய அவர்களுக்குக் கிடைத்தது 6 நிமிடம்.

இதே கையேடு, முன்னறிவிப்பு ஆணை என்று ஒன்றைச் சொல்கிறது. பணி கிடைத்தவுடன், முழுத் திட்டம் தயாராகும் முன்பே, தெரிந்ததை மட்டும் குழுவுக்குச் சொல்லிவிட வேண்டும். தலைவர் திட்டம் போடும் நேரத்தில் மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள் அல்லவா? இப்போது வெள்ளிக்கிழமையே, "செவ்வாய்க்கிழமை நில வரைபடம். வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவுல என்னென்ன இருக்குன்னு பார்த்துட்டு வாங்க" என்கிறேன். (நாளை மாலைக்குள் அனுப்புக என்று இன்று மாலை வரும் படிவங்களை நிரப்பும்போதெல்லாம் இந்தப் பக்கம் எனக்கு நினைவுக்கு வரும்.)

முழுக் கட்டளை ஐந்து பத்திகளில் அமையும்: நிலைமை, பணி, செயல்படுத்தும் விதம், தேவையான உதவிப்பொருள்கள், கட்டளையும் தொடர்பும். பணியை ஒரே வாக்கியத்தில், ஏன் என்ற காரணத்தோடு, இரண்டு முறை வாசிக்க வேண்டும். தலைவர் விழுந்துவிட்டாலும், திட்டம் கெட்டுப்போனாலும், காரணம் தெரிந்தவர்கள் வேறு வழியில் வேலையை முடிப்பார்கள். பிறகு தரையில் மண்ணைக் குவித்து மலை, நூலைப் போட்டு ஆறு, கற்களை வைத்து வீடுகள் என மாதிரி செய்து, ஒவ்வொருவரும் தன் வேலையைத் தானே திருப்பிச் சொல்ல வேண்டும். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு இந்த மணல் வித்தை புதிதல்ல. புரிந்ததா என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். "நீ என்ன செய்யப் போற, சொல்லு" என்று கேட்டுப் பார்க்கும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. அறிவியல் ஆய்வகத்தில் அமிலத்தைத் தொடும் முன் இப்படிக் கேட்பதை எங்கள் வேதியியல் ஆசிரியை இப்போது கட்டாயமாக்கிவிட்டார்.

யார் எழுதியது?

கையேட்டின் முன்பகுதியில் 19 நிலையாணைகள் இருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்கக் காடுகளில் பிரிட்டிஷ் தரப்பில் போரிட்ட ராபர்ட் ரோஜர்ஸ் தன் வீரர்களுக்குக் கொடுத்தவை என்று அவர் பெயரோடு அச்சாகியுள்ளன. கிராமத்துக்காரர் ஒருவர் பேசுவதுபோல, இலக்கணம் பார்க்காத, குட்டிக் குட்டி வாக்கியங்கள். ஒருமுறை படித்தாலே மனத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் அவை ரோஜர்ஸ் எழுதியவை அல்ல. கென்னத் ராபர்ட்ஸ் 1937இல் எழுதிய "நார்த்வெஸ்ட் பேசேஜ்" என்ற நாவலில், ஒரு சார்ஜென்ட் புதிதாக வந்த வீரனிடம் சொல்லும் பேச்சிலிருந்து வந்தவை. ரோஜர்ஸ் உண்மையில் 1757இல் 28 விதிகள் எழுதினார். 1765இல் லண்டனில் வெளியான அவருடைய நாட்குறிப்பில் அவை உள்ளன. நீண்ட, கிளைவிட்டுப் போகும் வாக்கியங்கள். பயனுள்ளவை, ஆனால் மனப்பாடம் ஆகாதவை. நாவலாசிரியர் அவற்றின் சாரத்தைப் பேச்சுமொழிக்கு மாற்றினார். அந்தப் பேச்சுமொழி கையேட்டுக்குள் புகுந்து, வரலாற்று ஆவணம் போல நின்றுவிட்டது.

சமூக அறிவியல் ஆசிரியனான எனக்கு இதில் இரண்டு எண்ணம். எளிய மொழிதான் தங்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. அதே நேரத்தில், ஒரு பயிற்சிப் புத்தகமே கற்பனைப் பேச்சை உண்மை மனிதரின் பெயரில் போடுகிறதென்றால், நம் பள்ளிச் சுவர்களில் காந்தி பெயரிலும் கலாம் பெயரிலும் எழுதி வைத்திருக்கிறோமே, அவற்றை யாராவது சரிபார்த்தோமா? ஒன்பதாம் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லி, பள்ளிச் சுவரில் உள்ள வாசகங்களில் எவற்றுக்கு மூலம் கிடைக்கிறது என்று தேடச் சொன்னேன். ஒரு வாரம் நூலகத்தையும் என்னையும் படுத்திவிட்டார்கள். இரண்டு வாசகங்களின் கீழே இருந்த பெயரைத் தலைமையாசிரியர் சுண்ணாம்பு அடித்து மறைக்கச் சொல்லிவிட்டார்.

நமக்கு ஆகாதது

எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பயிற்சியில் சேர்பவர்கள் விரும்பி வரும் பெரியவர்கள். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் முடிக்காமலே திரும்புகிறார்கள். பாதிப் பேரைக் கழிப்பது அங்கே பயிற்சியின் ஒரு பகுதி. நம் வகுப்பில் ஒரு பிள்ளை இடைநின்றாலும் வீடு தேடிப் போகிறோம்.

இன்னொன்றும் உண்டு. 1995 பிப்ரவரியில் புளோரிடா சதுப்பு நிலத்தில் பயிற்சி மாணவர்கள் நான்கு பேர் உடல் குளிர்ந்து இறந்துபோனார்கள். எதிர்பார்த்ததைவிட ஆழமான, குளிர்ந்த நீரில் அதிக நேரம் இருக்க நேர்ந்தது. உறுதியோடு தாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கப்பட்டவர்கள், தாங்கமுடியாத கட்டம் வந்ததை எப்படிச் சொல்வார்கள்? அதன் பிறகு, நீரின் வெப்பநிலைக்கு ஏற்ப எவ்வளவு நேரம் இருக்கலாம் என்ற வரம்புகள் இறுக்கப்பட்டன. விளையாட்டு விழா ஒத்திகையில் வெயிலில் நிற்கும் பிள்ளை "தலை சுத்துது சார்" என்று சொல்லும்போது, "இதுக்கெல்லாமா?" என்று கேட்டிருக்கிறேன். இப்போது கேட்பதில்லை.

சென்ற டிசம்பரில் ஏழாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு கங்கைகொண்ட சோழபுரம் போனோம். ஐந்து விஷயங்களையும் ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். நுழைவாயிலில் புல்தரையில் எல்லாரையும் உட்காரவைத்து, "ஓட்டுநர் அண்ணனைப் பார்க்கப் போறேன். கூட சரவணனை மட்டும் கூட்டிட்டுப் போறேன். பதினொன்னே காலுக்கு வந்துடுவேன். வரலைன்னா டீச்சர்கிட்ட சொல்லுங்க, அவங்க எனக்குப் போன் பண்ணுவாங்க. யாரும் எழுந்து தேடி வரக் கூடாது" என்றேன். குழுத் தலைவர்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். சரியாகச் சொன்னார்கள். திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து ஒரு சிறுமியின் குரல்.

"சார், நாலுதான் சொன்னீங்க. நீங்க இல்லாதப்ப யாருக்காவது அடிபட்டா?"

அட்டையை எடுத்துப் பார்த்தேன். திரும்பி வந்து, மறுபடியும் அவர்களோடு உட்கார்ந்தேன்.