ஒப்பாரிப் பாட்டிக்கு யார் எழுதிக் கொடுத்தது?

லுக்குட் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்து வாழ்க்கையும் குறைந்துவிட்டது. ஆனாலும் சாவு வீட்டில் ஒப்பாரி சொல்லத் தெரிந்த பாட்டி யாராவது இருந்தால், மாணவர்களே, கவனித்துக் கேளுங்கள். இறந்தவரின் உறவுமுறை, அவர் பால்வெட்டிய காலம், மகளின் கல்யாணத்தைப் பார்க்காமல் போனது எல்லாம் அந்த இடத்திலேயே பாட்டாகிவிடும். எழுதி வைத்ததும் இல்லை, ஒத்திகையும் இல்லை. இதை வெறும் அழுகை என்று ஒதுக்குகிறவர்கள் சரியாகக் கேட்டதில்லை என்றே சொல்வேன்.

இதில் ஓர் அறிவியல் புதிர் இருக்கிறது. பேசும் நேரத்தில் நமக்குக் கைகொடுக்கும் ‘செயல்நினைவு’ மிகச் சிறியது. ஒரே சமயத்தில் சுமார் 4 துணுக்குகள்தான் அதில் நிற்கும் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் எழுதினார். ராகம், சொல், எதுகை, இறந்தவரின் கதை, சுற்றிலும் அழுகுரல். இத்தனையும் நான்கில் எப்படி அடங்கும்?

பாட்டியிடம் வார்ப்புகள் இருக்கின்றன. தங்கம், முத்து, தேர், பல்லக்கு, சீர்வரிசை என்று சிறுவயது முதல் கேட்டுக் கேட்டுச் சேர்ந்த வரி அமைப்புகள் அவை. முழு வார்ப்பும் நினைவில் ஒரே துணுக்குதான். ஆளுக்கேற்ப ஓரிரு சொற்களை மாற்றினால் போதும். ஒரு வரியைச் சற்றே மாற்றி மறுபடி பாடுவதும் ஒப்பாரியின் வழக்கம். வாய் திருப்பிச் சொல்லும் நேரத்தில் மனம் அடுத்த வரியைத் தேடிக்கொள்ளலாம்.

1930-களில் மில்மன் பாரியும் அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்டும் யூகோஸ்லாவியக் கிராமப் பாடகர்களிடம் இதே முறையைக் கண்டார்கள். அவ்தோ மெஜெதோவிச் என்ற பாடகருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1935-இல் அவர் சொன்ன ஒரு கதைப்பாட்டு 12,000 வரிகளைத் தாண்டியது!

மூளைக்குள் என்ன நடக்கிறது? 2008-இல் சார்லஸ் லிம், ஆலன் பிரான் இருவரும் 6 ஜாஸ் பியானோ கலைஞர்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்து வாசிக்கச் சொன்னார்கள். மனப்பாடமாக வாசித்தபோது இருந்ததைவிட, நினைத்தபடி வாசித்தபோது முன்மூளையின் பக்கவாட்டுப் பகுதி அடங்கியது. நம்மை நாமே கண்காணித்துத் திருத்துவதில் பங்குள்ள பகுதி அது. ஆறு பேர் சிறிய எண்ணிக்கைதான். இருந்தாலும் சுவையான தடயம்.

இப்போது உங்கள் மேடைக்கு வருவோம். திடீரென்று “இரண்டு வார்த்தை பேசு” என்றால் நாக்கு ஏன் ஒட்டிக்கொள்கிறது? ‘தப்பாகிவிடுமோ, சிரிப்பார்களோ’ என்ற கவலையும் அந்த நான்கு இடங்களுக்குள்தான் வந்து உட்காருகிறது. ஆகவே ஒரு வார்ப்பைக் கைவசம் வையுங்கள்: முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி, இனி என்ன ஆகும்? செம்பனைக்கும் பொருந்தும், கைப்பேசிக்கும் பொருந்தும்.

இன்று மாலை நண்பரை ஒரு தலைப்புச் சொல்லச் சொல்லி, ஒரு நிமிடம் பேசிப் பாருங்கள். எங்கே நின்றுபோகிறீர்களோ அந்த இடத்தை அவர் குறித்துக்கொள்ளட்டும். அங்கே உங்களுக்கு இன்னொரு வார்ப்பு தேவைப்படுகிறது.