குழாய் நீரை நம்பலாமா?

சென்னையிலிருந்து வந்திருந்த பாட்டி, முதல் நாள் காலையில் சமையலறைக்குள் நுழைந்து நாலாபக்கமும் பார்த்தார். தேக்கா நிலையத்துக்கு அருகில் இருந்த அந்த அடுக்குமாடி வீட்டில் அவர் தேடிய பொருள் எங்கும் இல்லை.

"தண்ணி கேனை எங்கே வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

உயர்நிலை மூன்றில் படிக்கும் பேத்தி, குழாயைத் திறந்து ஒரு குவளையில் நீரைப் பிடித்து அப்படியே குடித்துக் காட்டினாள். பாட்டி பதறிப்போனார்.

"கொதிக்க வைக்காத தண்ணியைக் குடிக்காதே கண்ணு! வயிற்றுக்கு ஆகாது."

பாட்டியின் அச்சத்திற்குக் காரணம் உண்டு. சென்னையில் ஏரி நீர் போதாத இடங்களில் பலரும் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்துகின்றனர். நிலத்தடி நீர், பாறைகளுக்கும் மண்ணுக்கும் இடையே ஊறி வரும்போது கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. அத்தகைய நீரைக் கடினநீர் என்பர். அதில் சவர்க்காரம் எளிதில் நுரைக்காது. பாத்திரங்களில் வெள்ளை வெள்ளையாகப் படிவு ஏற்படும். நீர்ச்சூடேற்றியின் கம்பிகளிலும் உப்பு படியும்.

இதற்குத் தீர்வாகச் சிலர் வீட்டில் மென்னீராக்கும் கருவியைப் பொருத்துகின்றனர். அதனுள் சின்னஞ்சிறு பிசின் மணிகள் நிறைந்திருக்கும். நீர் அவற்றைக் கடந்து செல்லும்போது மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, அவற்றுக்குப் பதிலாகச் சோடியத்தை வெளியிடும். மணிகளின் ஆற்றல் குறைந்ததும் உப்புக் கரைசலால் அவற்றைக் கழுவினால் அவை மீண்டும் வேலை செய்யும். ஆயினும், இக்கருவி கிருமிகளைக் கொல்லாது. அதனால் குடிநீருக்கு வேறு ஏற்பாடு வேண்டும். பலர் கேன் தண்ணீர் வாங்குகின்றனர். மற்றவர்கள் எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் இயங்கும் வடிகட்டியைப் பயன்படுத்துகின்றனர். இவ்வகை வடிகட்டி உப்புகளை நன்றாக நீக்கும். ஆனால், ஒரு குடம் நல்ல நீரைத் தருவதற்குள் அதைவிட அதிக நீரைக் கழிவாக வெளியேற்றிவிடுவதும் உண்டு.

அந்த வார இறுதியில் விற்பனையாளர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். இரண்டு கண்ணாடிக் குவளைகளை மேசைமீது வைத்தார். ஒன்றில் குழாய் நீரையும் மற்றொன்றில் தம் கருவியில் வடிகட்டிய நீரையும் ஊற்றினார். பிறகு, மின்சாரம் பாயும் உலோகக் கம்பிகளை இரண்டிலும் இறக்கினார். சில நிமிடங்களில் குழாய் நீர் பழுப்பு நிறமாக மாறியது. வடிகட்டிய நீரோ தெளிவாகவே இருந்தது.

"பார்த்தீர்களா? இந்த அழுக்கைத்தான் தினமும் குடிக்கிறீர்கள்," என்றார் அவர்.

கருவியின் விலை ஆயிரம் வெள்ளிக்கும் மேல். அம்மா தயங்கினார். ஆனாலும், பிள்ளைகள் குடிக்கும் தண்ணீராயிற்றே என்ற கவலை அவரைப் பிடித்துக்கொண்டது. "பணத்தைப் பார்க்காதேம்மா, வாங்கிடு," என்றார் பாட்டி.

பேத்தி மட்டும் அந்தக் கம்பிகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறிவியல் பாடத்தில் மின்னாற்பகுப்பு பற்றி அவள் படித்திருந்தாள். "அங்கிள், அந்தத் தெளிந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடியும் கம்பியை விடலாமா?" என்று கேட்டாள்.

விற்பனையாளர் மறுக்க முடியாமல் அவ்வாறே செய்தார். சற்று நேரத்தில் அந்த நீரும் பழுப்பு நிறமானது. பழுப்பு நிறம் நீரிலிருந்த அழுக்கினால் வரவில்லை; இரும்புக் கம்பி கரைந்து துருவாக மாறியதால் வந்தது. குழாய் நீரில் இயற்கையாக இருக்கும் சிறிதளவு தாது உப்புகள் மின்சாரத்தைக் கடத்துகின்றன. உப்பு நீக்கப்பட்ட நீரில் மின்சாரம் எளிதில் பாயாது. சோதனையில் வெளிப்பட்ட வேறுபாடு அவ்வளவுதான். விற்பனையாளர் தம் பொருள்களை எடுத்துக்கொண்டு விடைபெற்றார்.

"சரி, அவர் சொன்னது பொய். அதுக்காக இந்தக் குழாய்த் தண்ணி நல்லதுன்னு ஆயிடுமா?" என்று பாட்டி கேட்டார். அது நியாயமான கேள்விதான். அதற்கு விடை காண, நீர் வரும் வழியை அறிந்துகொள்ள வேண்டும்.

சிங்கப்பூருக்குப் பெரிய ஆறோ ஏரியோ இல்லை. 1963ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தொடங்கி ஏறத்தாழ பத்து மாதங்கள் இங்கே தண்ணீர்ப் பங்கீடு நடைமுறையில் இருந்தது. அந்த நிலை மீண்டும் வராமலிருக்க, பொதுப் பயனீட்டுக் கழகம் நான்கு வழிகளில் நீரைத் திரட்டுகிறது. முதலாவது, மழைநீர். இரண்டாவது, ஜொகூரிலிருந்து பெறப்படும் நீர். இதற்காக 1962ஆம் ஆண்டு செய்யப்பட்ட உடன்பாடு 2061ஆம் ஆண்டில் முடிவடையும். மூன்றாவது, பயன்படுத்திய நீரைத் தூய்மைப்படுத்தி 2003ஆம் ஆண்டு முதல் உற்பத்தி செய்யப்படும் புதுநீர். நான்காவது, கடல்நீரிலிருந்து உப்பை நீக்கிப் பெறும் நீர். இதற்கான முதல் ஆலை 2005ஆம் ஆண்டு துவாசில் திறக்கப்பட்டது.

லிட்டில் இந்தியாவில் பெய்யும் மழைக்கும் இதில் பங்கு உண்டு. சிராங்கூன் சாலையை ஒட்டிய பகுதியில் விழும் மழைநீர், ரோச்சோர் கால்வாய் வழியாக மரினா நீர்த்தேக்கத்தைச் சென்றடைகிறது. 2008ஆம் ஆண்டு மரினா அணைக்கட்டு திறக்கப்பட்ட பிறகு, நகரின் நடுவே பெய்யும் மழையும் குடிநீராக மாறியது. ஆகவே, தேக்காவின் வடிகாலில் வீசப்படும் குப்பை, எங்கோ போய்விடுவதில்லை. நாம் குடிக்கப்போகும் நீரை நோக்கியே செல்கிறது.

நீர்த்தேக்கத்து நீர் அப்படியே வீட்டுக்கு வருவதில்லை. சுத்திகரிப்பு நிலையத்தில் அதிலுள்ள மாசுகள் படியவைக்கப்பட்டு வடிகட்டப்படுகின்றன. கிருமிகள் அழிக்கப்படுகின்றன. குழாய்களில் பயணம் செய்யும்போது மீண்டும் கிருமி சேராதிருக்க, குளோரின் சார்ந்த மருந்து சிறிதளவு சேர்க்கப்படுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலுக்கு ஏற்ப நீரின் தரம் தொடர்ந்து சோதிக்கப்படுகிறது. எனவே, இந்த நீரை வடிகட்டாமலும் கொதிக்க வைக்காமலும் குடிக்கலாம். நிலத்தடி நீர் அல்லாததால் இது பெரும்பாலும் மென்மையாகவே இருக்கிறது. ஆகையால், மென்னீராக்கும் கருவிக்கும் இங்கே வேலை இல்லை.

அப்படியானால் வடிகட்டியே கூடாதா? நீரில் குளோரின் வாடை பிடிக்காதவர்கள் கரி வடிகட்டியைப் பயன்படுத்தலாம். ஆனால், அதன் உட்பகுதியை உரிய காலத்தில் மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் அதிலேயே கிருமிகள் பெருகக்கூடும். கரி, குளோரினையும் நீக்கிவிடுவதால், வடிகட்டிய நீரை நெடுநேரம் திறந்து வைக்கக் கூடாது. குழாய் முனையிலுள்ள சிறிய வலையையும் அவ்வப்போது கழற்றிக் கழுவ வேண்டும். வெளியூர் சென்று திரும்பினால், குழாயில் தேங்கிய நீரைச் சிறிது நேரம் திறந்துவிட வேண்டும். அந்த நீரை வாளியில் பிடித்துச் செடிகளுக்கு ஊற்றலாம். நீரின் நிறமோ மணமோ மாறியிருந்தால் கழகத்திற்குத் தெரிவிக்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டுத் தூய்மைப்படுத்திய நீரைத்தான் நாம் கழிவறையிலும் ஊற்றுகிறோம். 2003ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் ஒருவர் வீட்டில் ஒரு நாளைக்குச் சராசரியாக 165 லிட்டர் நீரைப் பயன்படுத்தினார். 2018ஆம் ஆண்டில் அது 141 லிட்டராகக் குறைந்தது. 2030ஆம் ஆண்டிற்குள் அதை 130 லிட்டராக்குவது நாட்டின் இலக்கு.

கருவிக்காக ஒதுக்க நினைத்த பணத்தில் ஒரு பகுதியை அப்பா வேறு வகையில் செலவிட்டார். வீட்டின் பழைய கழிவறைத் தொட்டியை மாற்றினார். ஒவ்வொரு முறையும் சுமார் ஒன்பது லிட்டர் நீரைக் கொட்டிய அத்தொட்டிக்குப் பதிலாக, பாதியாகவோ முழுமையாகவோ நீரைவிடும் இரண்டு பொத்தான்கள் கொண்ட தொட்டி வந்தது. புதிய குழாயை வாங்கும்போது, அதன்மேல் ஒட்டப்பட்டிருந்த தண்ணீர்ச் சிக்கன முத்திரையைப் பேத்தி பார்த்தாள். சரிக்குறிகள் அதிகமாக இருந்தால், அந்தப் பொருள் பயன்படுத்தும் நீர் குறைவு என்று பொருள். 2009ஆம் ஆண்டு முதல் குழாய்களுக்கும் கழிவறைத் தொட்டிகளுக்கும் இந்த முத்திரை கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

கருவிகளை மாற்றினால் மட்டும் போதாது. பழக்கமும் மாற வேண்டும். வீட்டில் பெருமளவு நீர் குளிப்பதற்கே செலவாகிறது. நிமிடத்திற்கு ஒன்பது லிட்டர் நீரைத் தூவும் குழாயின்கீழ், நான்கு பேர் தலா ஒரு நிமிடம் குறைவாகக் குளித்தால் நாளொன்றுக்கு 36 லிட்டர் மிஞ்சும். ஓராண்டில் அது 13,000 லிட்டரைத் தாண்டிவிடும்.

பேத்தி இந்தக் கணக்கைச் சொன்னபோது பாட்டி சற்று நேரம் பேசாமல் இருந்தார். 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, லாரித் தண்ணீருக்காகக் குடத்துடன் வரிசையில் நின்றவர் அவர்.

"நாலு குடம் தண்ணிக்கு அன்னிக்கு எத்தனை நேரம் நின்னேன் தெரியுமா? இங்கே நல்ல தண்ணியே வீடு தேடி வருது," என்றார்.

மறுநாள் காலையில் பாட்டி தாமே குழாயைத் திறந்து ஒரு குவளை நீரைப் பிடித்தார். சற்றுத் தயங்கிவிட்டுக் குடித்தார். பிறகு, கடைசிச் சொட்டும் நிற்கும்வரை குழாயை இறுக மூடினார்.