மாந்தோப்பில் புல்வெட்டி சீராக ஓட இணைப்பைத் திருத்துங்கள்

நாட்டு ஏர் பூட்டும் உழவருக்கு ஒரு செய்தி நன்கு தெரியும். ஏர்க்காலை நுகத்தடியில் சற்று முன்னே அல்லது பின்னே தள்ளிக் கட்டினால் போதும். உழவின் ஆழம் மாறிவிடும். கொழு அதேதான், மாடும் அதேதான். கட்டும் இடம் மட்டுமே மாறியது. டிராக்டருக்குப் பின்னால் ஓடும் புல்வெட்டிக்கும் இவ்விதி பொருந்தும். வெட்டு சரியில்லை என்றால் கத்தியைக் குறை கூறுமுன் இணைப்பைப் பார்க்க வேண்டும்.

திருத்தணி வட்டாரத்திலும் அண்டையிலுள்ள சித்தூர்ப் பகுதியிலும் மாந்தோப்புகள் உள்ளன. ஆடிக் கிருத்திகையை ஒட்டிப் பெய்யும் மழையிலும், பின்னர் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் தோப்பில் புல் மண்டிவிடும். அது பூத்து விதை உதிர்க்குமுன் வெட்டி மரத்தடியில் மூடாக்காக இடுவது நலம். குன்றடிச் சரிவு நிலத்தில் உழுது புல்லை அழித்தால் மண் அரிக்கும். வெட்டிவிட்டால் புல்லின் வேர் மண்ணைப் பிடித்து நிற்கும்.

இணைப்பின் அமைப்பு

இன்றைய டிராக்டர்களில் உள்ள மும்முனை இணைப்பு, ஹாரி பெர்குசன் என்பார் 1926ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வளர்ந்தது. கீழே இரு கைகள் கருவியைத் தூக்குகின்றன. மேலே உள்ள திருகுத் தண்டு அதன் சாய்வை நிறுத்துகிறது. புல்வெட்டியின் முன்பக்க உயரத்தைக் கீழ்க்கைகளும், பின்பக்க உயரத்தை வால்சக்கரமும் முடிவு செய்கின்றன.

வெட்டைப் பார்த்துக் குறையை அறிதல்

1. ஒரு சாலுக்கும் அடுத்த சாலுக்கும் இடையே படிக்கட்டுபோல் தெரிந்தால், வெட்டி ஒரு பக்கம் சாய்ந்துள்ளது.
2. புல் அலை அலையாக நின்றால், டிராக்டரின் முன்சக்கரம் மேட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் வெட்டியும் ஏறி இறங்குகிறது. மேல் தண்டு விறைப்பாக உள்ளது என்பது பொருள்.
3. மேட்டில் மண் சுரண்டப்பட்டுப் பள்ளத்தில் புல் நின்றாலும் காரணம் அதுவே.
4. எஞ்சின் திணறி, புல் இருமுறை அரைபட்டுக் கொத்தாக விழுந்தால், முன்பக்கம் தூக்கியும் பின்பக்கம் தாழ்ந்தும் உள்ளது.
5. புல்லின் நுனி நார்நாராகக் கிழிந்திருந்தால் மட்டும் கத்தி மழுங்கியுள்ளது எனக் கொள்ளலாம்.

திருத்தும் முறை

சிமெண்டுக் களம் போன்ற சமதளத்தில் டிராக்டரை நிறுத்துங்கள். இரு பின்சக்கரங்களிலும் காற்று ஒரே அளவாக இருக்கட்டும். எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துக் கொள்ளுங்கள். வெட்டியின் அடியில் கட்டை வைக்காமல் கையை நுழைக்கக் கூடாது.

முதலில் பக்கச் சமம். இடப்புற, வலப்புற ஓரங்களின் உயரத்தை நாடாவால் அளந்து, வலப்புறக் கீழ்க்கையின் திருகைச் சுழற்றி இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

அடுத்து முன்பின் சாய்வு. கத்தி முனையைக் கையுறையுடன் முன்பக்கம் திருப்பித் தரையிலிருந்து அளக்கவும். பின்பக்கம் திருப்பி மீண்டும் அளக்கவும். முன்முனை பின்முனையைவிட அரை முதல் ஒரு அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். அப்போது புல் முன்னாலேயே ஒருமுறை வெட்டுப்பட்டு விழும், எரிபொருளும் மிச்சமாகும். தோப்புக்கு 3 முதல் 4 அங்குல உயரத்தில் வெட்டுவது போதும். கல் நிறைந்த இடத்தில் இன்னும் உயர்த்திக் கொள்க.

மூன்றாவது, மேல் தண்டின் தளர்வு. சில வெட்டிகளில் மேல் தண்டு நேரே சட்டத்தின் துளையில் மாட்டப்பட்டிருக்கும். இங்கேதான் சிறு மாற்றம் தேவை. பட்டறையில் கனமான இரும்புப் பட்டைகள் இரண்டை வெட்டி, இரு முனையிலும் துளையிட்டு, சட்டத்துக்கும் தண்டுக்கும் நடுவே ஊசல்போல் ஆடும்படி மாட்டச் செய்யுங்கள். சமதளத்தில் இப்பட்டை நிமிர்ந்து நிற்குமாறு தண்டின் நீளத்தைத் திருகி அமைக்க வேண்டும். பின் வால்சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் பட்டை அதற்கேற்பச் சாயும். வெட்டி நிலத்தை ஒட்டியே ஓடும். மேல் ஆணியும் கீழ் ஆணிகளும் உங்கள் டிராக்டரின் இணைப்புக்கு உரிய பருமன் உடையவையாக இருக்க வேண்டும். அளவு குறைந்த ஆணியோ, வளைத்த கம்பியோ பயன்படுத்தலாகாது. வெல்டிங் வேலை எதுவானாலும் வெட்டியின் சட்டத்தில் மட்டுமே. டிராக்டரில் துளையிடவோ ஒட்டவோ வேண்டாம்.

மாற்றம் செய்தபின் வெட்டியை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். தூக்கும்போது பின்பக்கம் சற்றுத் தொங்கும், அது இயல்பே. சுழல் தண்டு வெட்டியின் மேல்தகட்டில் இடிக்கக் கூடாது. அத்தண்டின் இரு குழாய்களும் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றினுள் ஒன்று பொருந்தியிருக்க வேண்டும்.

இழுத்துச் செல்லும் வெட்டிகள்

சொந்தச் சக்கரத்தில் ஓடும் வெட்டியானால், கொண்டியின் உயரமே முன்பக்க உயரத்தை முடிவு செய்யும். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று, நான்கு துளைகளுள்ள தகட்டை வெட்டியின் இழுவைக் கம்பத்தில் பொருத்திக்கொண்டால், வேண்டிய உயரத்தில் மாட்டலாம். ஆனால் டிராக்டர் பக்கத்தில் அதற்குரிய தாழ்ந்த இழுவைச் சட்டத்தில் மட்டுமே பூட்டுங்கள். பின் அச்சுக்கு மேலே, மேல் தண்டு மாட்டும் இடத்தில் சங்கிலி பூட்டி இழுத்தால், வெட்டி கல்லிலோ வேரிலோ சிக்கும்போது டிராக்டரின் முன்புறம் எழும்பிப் பின்னோக்கிக் கவிழும். ஓட்டுநர் கிளட்சை மிதிக்க நினைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இதனால் என்ன பயன்?

5 அடி அகல வெட்டியை அரை அடி ஏறுவெட்டு விட்டு, மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், திருப்பும் நேரம் நீங்கலாக மணிக்கு ஏறக்குறைய 1 ஏக்கர் 36 சென்ட் வெட்டலாம். சாய்ந்த வெட்டியால் மேலும் ஒரு அடி வீணானால் 1 ஏக்கர் 5 சென்ட் மட்டுமே முடியும். 4 ஏக்கர் தோப்புக்கு 3 மணி நேரம் போதுமான இடத்தில், 3 மணி 50 நிமிடம் ஆகும். வாடகை டிராக்டராயின் இந்த 50 நிமிடமும் உங்கள் பையிலிருந்தே போகும். அரைகுறை வெட்டை மறுமுறை ஓட்டினாலோ செலவு இரட்டிப்பாகும்.

உயிர் காக்கும் எச்சரிக்கை

சுழல் தண்டு நிமிடத்துக்கு 540 முறை, அதாவது நொடிக்கு 9 முறை சுற்றுகிறது. அதில் வேட்டி நுனியோ தோள் துண்டோ பட்டால் ஒரே நொடியில் ஒரு மீட்டர் துணியைச் சுற்றி இழுத்துவிடும். ஆளும் தப்புவது அரிது. ஆகவே,

• தண்டின் பாதுகாப்பு உறையைக் கழற்றி வைக்காதீர்கள்.
• அரைக்கால் சட்டை அல்லது இறுக்கமான உடையுடன் வேலை செய்யுங்கள்.
• எஞ்சினை நிறுத்திய பின்னும் கத்தி சிறிது நேரம் சுற்றும். நின்ற பிறகே அருகில் செல்லுங்கள்.
• முறிவு போல்ட் உடைந்தால் அதே வகையையே போடுங்கள். கடினமான போல்ட் போட்டால் அடுத்து உடைவது பற்சக்கரப் பெட்டி.
• கல் தெறிக்கும். சிறுவர்களையும் ஆடுமாடுகளையும் தோப்பிலிருந்து விலக்குங்கள்.
• மரத்தடி வரை வெட்டியைக் கொண்டு செல்லாமல், பட்டை காயப்படாதபடி அங்குள்ள புல்லை அரிவாளால் அறுங்கள்.

வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் டிராக்டரையும் கருவிகளையும் வாடகைக்குப் பெறலாம். திருவள்ளூர் மாவட்ட உழவர்கள் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகி விளக்கம் பெறலாம். எங்கிருந்து கருவி வந்தாலும், தோப்பில் இறக்குமுன் கால் மணி நேரம் செலவிட்டு இணைப்பை அளந்து பாருங்கள். வாடகைப் பணமும் மிஞ்சும். ஆளுக்கும் மரத்துக்கும் தீங்கு வராது.