வயலை ஈடு வைக்குமுன்

ஏஎல் பெறுபேறு வந்தால் தம்பலகாமத்தில் பல வீடுகளில் ஒரே கதைதான். வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நிற்கும் பயோப் பிள்ளை, எப்படியாவது டொக்டராக்கிவிட வேணும் என்று துடிக்கும் தாய் தகப்பன், மேசையில் வெளிநாட்டுப் படிப்பு ஏஜென்சிக்காரனின் வண்ணத் தாள். பிள்ளைக்கு என்ன விருப்பம் என்று கேட்பார் இல்லை.

இசட் புள்ளி போதுமாக வந்தவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. மட்டக்களப்போ யாழ்ப்பாணமோ, கிடைத்த மருத்துவ பீடத்துக்குப் போங்கள். படிப்பு இலவசம். திருகோணமலை பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று என்பதால், அப்படியான மாவட்டங்களுக்குரிய 5 வீத ஒதுக்கீடும் கைகொடுக்கும்.

என் கவலை வெளிநாட்டு எம்பிபிஎஸ் பற்றியது. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் நல்ல வயலை ஈடு வைத்து, நகையையும் அடகு வைத்துப் பிள்ளையை அனுப்புகிறார்கள். எப்படி அடைப்பீர்கள் என்று கேட்டால், "பிறகு சைட்டில உழைச்சுக் கட்டுவான்" என்பது பதில். அமெரிக்காவில் டொக்டர்மாரின் படிப்புக் கடனையே தள்ளுபடி செய்கிறார்களாம் என்று வெளிநாட்டு மாமா ஒருவரும் போனில் சொல்லியிருப்பார்.

அந்தத் தள்ளுபடி உண்மைதான். 2007இல் வந்த சட்டம். அரச நிறுவனத்திலோ இலாபநோக்கற்ற ஆஸ்பத்திரியிலோ முழுநேரம் வேலை செய்துகொண்டு 120 மாதத் தவணை கட்டினால், மிச்சக் கடன் கழிக்கப்படும். பயிற்சி டொக்டர்மார் பலர் தவணையை வருமானத்துக்கு ஏற்பக் கட்டுகிறார்கள். இரவில் வேறிடத்தில் உழைத்தால் வருமானம் கூடும், அடுத்த முறை தவணையும் கூடும், கடைசியில் கழிபடும் தொகை குறையும். தனியார் கிளினிக்கில் நின்ற நேரம் அந்த முழுநேரக் கணக்கில் சேராது. அங்கேயே பக்க வேலைக்கு இப்படி ஒரு விலை இருக்கிறது. அந்தத் தள்ளுபடியும் அமெரிக்க மத்திய அரசு கொடுத்த கடனுக்கு மட்டும். உங்கள் வயல் ஈட்டை யாரும் கழிக்கப் போவதில்லை.

இங்கே நிலைமை இன்னும் இறுக்கம். ஐந்தாறு வருசம் படித்துத் திரும்பியவர் ஈஆர்பிஎம் பரீட்சை பாஸாக வேண்டும். பழைய ஆட்கள் அக்ட் சிக்ஸ்டீன் என்பார்கள். பிறகு ஒரு வருச உள்ளகப் பயிற்சி. அப்போது கையில் இருப்பது தற்காலிகப் பதிவு, வெளியே ஒரு நோயாளியைக்கூடப் பார்க்க முடியாது. முழுப் பதிவு கிடைத்தபின்தான் சனல் பண்ணலாம், அரச வேலையில் என்றால் கடமை நேரம் போக மட்டும். அத்தனை காலமும் வட்டி ஓடும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டதே, அப்போது டொலரில் கட்டணம் கட்டிக்கொண்டு பாதிப் படிப்பில் பிள்ளைகளை வைத்திருந்த குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். எம்டி பரீட்சைக்குப் படிக்க வேண்டிய வயதில், கடனுக்காக இரவிரவாக லோகம் நின்றுவிட்டுக் காலை வாட்டு ரவுண்டில் கண் சிவக்க நின்ற இளம் டொக்டர்மாரை நான் கண்டிருக்கிறேன்.

வேறு வழி இல்லையா? கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் சித்த மருத்துவம் இருக்கிறது. அரச தாதியர் கல்லூரியில் படிக்கும்போதே கொடுப்பனவு தருகிறார்கள். யாழ்ப்பாணத்தில் மருந்தகவியலும் ஆய்வுகூட விஞ்ஞானமும் உண்டு. கடைசியாகச் சொன்னது என் தொழில், அதனால் அதை ஒரு படி மேலே வைக்கிறேன். விரல் நுனியில் எடுத்த இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் மெல்லிய படலமாக இழுத்து, ஜெம்சா சாயம் ஏற்றி, நுணுக்குக்காட்டிக்கு முன்னால் குனிந்திருந்து மலேரியாக் கிருமியைத் தேடிய நாட்களில் நோயாளி என் முகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் டொக்டர் எழுதிய மருந்து என் முடிவை வைத்துத்தான். 2016இல் இலங்கைக்கு மலேரியா அற்ற நாடு என்ற சான்று கிடைத்ததில் இந்த ஆய்வுகூட மேசைகளுக்கும் பங்குண்டு.

பிள்ளைகளே, இரத்தம் கண்டால் தலை சுற்றுகிறதா, மணிக்கணக்கில் ஒரே இடத்தில் இருக்க முடிகிறதா, அழுகிற மனிதரோடு பேச வருகிறதா என்று உங்களையே கேளுங்கள். மருத்துவம்தான் வேண்டும் என்றால் செகண்ட் ஷை எடுங்கள். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவை இருக்கிறது. ஒரு வருசம் பிந்துவது வெட்கமில்லை. அதையும் தாண்டி வெளிநாடுதான் என்று முடிவெடுத்தால், முற்பணம் கட்டுமுன் அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவப் பேரவை அங்கீகரித்திருக்கிறதா, உங்கள் ஏஎல் பெறுபேறு அவர்களின் நிபந்தனைக்குப் பொருந்துகிறதா என்று பேரவையிடமே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்சி தரும் கடிதம் அதற்குப் போதாது.