ஏ.ஆர்.டி. மாத்திரையோடு பி.பி.யையும் கவனியுங்கள்

எச்.ஐ.வி.க்கு ஒழுங்காக ஏ.ஆர்.டி. மாத்திரை போடுபவர்கள் இன்று முதுமைவரை வாழ்கிறார்கள். ஆனால் மாரடைப்பு அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகும் நாளிலேயே பி.பி. பாருங்கள், வருடம் ஒருமுறை சுகர், கொழுப்பு, கிரியேட்டினின். பீடி, சிகரெட் வேண்டவே வேண்டாம்.

ஏ.ஆர்.டி.யில் டோலுடெகிராவிர் மாத்திரை போடுபவரா? நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில் குடிப்பதானால் மாத்திரை போட்டு 2 மணி நேரமாவது ஆகட்டும். முதலிலேயே குடித்துவிட்டால் மாத்திரைக்கு 6 மணி நேரம் பொறுங்கள். சுகருக்கு மெட்ஃபார்மின் எழுதும் டாக்டரிடம் டோலுடெகிராவிர் போடுவதைக் கூச்சப்பட்டு மறைக்காதீர்கள், மாத்திரை டப்பாவைக் காட்டினாலே புரிந்துகொள்வார். இரண்டும் சேர்ந்தால் மெட்ஃபார்மின் பொதுவாக நாளுக்கு 1000 மி.கி.யைத் தாண்டக் கூடாது.

வயது 40 ஆனவர்கள் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை தேவையா என்று கேளுங்கள். இந்தியா, உகாண்டா உள்ளிட்ட நாடுகளில் நடந்து 2023-இல் வெளியான ரிப்ரீவ் ஆய்வில், பிடாவாஸ்டாடின் என்ற ஸ்டாடின் இதய, ரத்தநாளப் பாதிப்புகளை 35% குறைத்தது.